தாய்வீட்டுப் பக்கத்து ஆள்

மாதேஸ்வரன் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் அதன் பின்பக்கம் காலியாகிவிடும். ஜெனரேட்டருக்கு அருகில் கூடி நிற்கும் மாமன், மச்சான், பங்காளி எல்லோரும் கையிலிருக்கும் பிளாஸ்டிக் டம்ளரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். இவர் யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகப் பந்திக்குப் போய்விடுவார். இருந்தாலும் அவர் வந்து போன விசேஷத்தில் களையே இல்லை என்று பேச்சு கிளம்பும். அதனால் சொந்தக்காரர்கள் முதலில் வீடு தேடி வந்து பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். பிறகு போனில் சொல்வதும் நின்றது. விசேஷம் முடிந்த பிறகு எங்காவது வழியில் பார்த்தால், "அடடா, உங்களுக்குச் சொல்லலைங்களா" என்று வாய் நிறையக் கேட்பார்கள்.

அவருக்கு ஊரில் வைத்த பெயர் 'குடி சார்'. கேட்பவர்கள் அவரைப் பெரிய குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. குடியை விட முடியாமல் தெருவுக்கு வந்துவிட்டவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களை மீட்டெடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நாமக்கல் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்தும் வீடற்றோர் காப்பகத்தில் அவர் ஆலோசகர். நான் அங்கே வார்டன். காப்பகத்து வேனை ஓட்டுவதும் நான்தான், குழாய் ரிப்பேர் பார்ப்பதும் நான்தான்.

எந்த ஆண்கள் அவரைக் கண்டு டம்ளரை ஒளித்தார்களோ அவர்களுடைய மனைவிமார்தான் அவருக்குப் போன் செய்வார்கள். வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். இவர் நடந்துகொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நின்று கேட்பார். "சரிங்க சாமி, நான் பாத்துக்கறனுங்க" என்பார். பிறகு தற்செயலாகச் சந்தித்த மாதிரி அந்த ஆளை எங்காவது டீக்கடையில் பிடித்துப் பேச்சுக் கொடுப்பார். அப்படிப் பேசி நல்லபடியானவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இன்று அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். குலதெய்வத்துக்கு அடுத்தபடி கும்பிட வேண்டிய மனுஷனைக் கண்டு எதற்கடா முகத்தைத் திருப்புகிறீர்கள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றும். அவருக்கு ஆத்திரமே வராது. "என்னைத் தெரியுமுன்னு சொன்னா, எப்படித் தெரியுமுன்னு அடுத்த கேள்வி வருமுங்க. அவங்க பொழைக்கோணுமல்லங்க" என்பார். அவரும் அவர்கள் எதிரே வந்தால் முதல் ஆளாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரோட்டைக் கடந்து போகும் வேலையைக்கூட அவர்களுக்கு வைக்கமாட்டார்.

கல்யாணமும் இதனால்தான் நடக்கவில்லை. இளவயதில் ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். அவர்கள் வந்த நேரம் மாதேஸ்வரன் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில், சுயநினைவில்லாமல் கிடந்த ஒருவரின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் யார் மாப்பிள்ளை, யார் கூட்டாளி என்று கேட்காமலே அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அப்படி இரண்டு மூன்று இடம் தட்டிப்போனது. பிறகு அவர் அம்மா இருந்தவரை அம்மா பொங்கிப் போட்டார். அம்மாவுக்குப் பிறகு காப்பகத்துச் சோறு.

வெளியூர்ப் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே புது நிலையத்துக்கு மாற்றியபோது, எங்கள் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். பஸ்கள் போயின, படுத்திருந்தவர்கள் போகவில்லை. லோடு கொண்டுவந்த இடத்திலேயே முதலாளி இறக்கிவிட்டுப் போன டிரைவர், கோழிப்பண்ணையிலிருந்து விரட்டப்பட்ட கூலியாள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நல்ல வெல்டர் என்று பெயர் வாங்கிப் பிறகு பட்டறை வாசலிலேயே படுத்துக்கிடந்தவர் என்று எல்லோரும் எங்களிடம்தான் வந்து சேர்வார்கள்.

ஆலோசகர் என்றால் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைக்க வேண்டாம். காப்பகத்தில் அப்படி ஓர் அறை இருந்தது. அதில் அரிசி மூட்டை வைத்திருந்தோம். மாதேஸ்வரனின் வேலை வெளியேதான். மதுக்கடை நண்பகலில் திறக்கும். அதற்கு முந்தைய பொழுதுதான் எங்கள் ஆட்களுக்கு எமன். உடம்பு உதறும், வாய் உலரும், கால் தானாகக் கடை இருக்கும் திசைக்குப் போகும். அந்தப் பொழுதில் அவர் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு, கமலாலயக் குளத்தருகே நிழலில் உட்கார்ந்து, மறுபடி நடந்து, கடை திறந்து கூட்டம் கலைந்த பிறகே திரும்பி வருவார்கள். வழியில் குடியைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. புதிதாக வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா யாரு ஊட்டுல உக்காந்து சோறு தின்னீங்க?"

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு எங்கெங்கோ போகும். அந்த வீட்டின் குழம்பு, அந்த வீட்டுக்காரியின் கோபம், அங்கே ஏன் மறுபடி போகவில்லை என்பது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஒருநாள் விளையாட்டாக அதே கேள்வியை நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். சிரித்தார். வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் வல்லைங்க" என்றார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

காப்பகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. நம் பக்கத்தில் எங்கிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். ஆனால் ஆஸ்பத்திரியிலும் எழவு வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. எங்கள் காப்பகமும் அந்த வகையில் சேர்ந்துவிட்டது. உடம்பு தேறி, வேலை கிடைத்து ஒருவர் போகும்போது 'வாரேன்' என்று வாய் எடுத்தால் மற்றவர்கள் அடக்கிவிடுவார்கள். அதனால் அவர்கள் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மாதேஸ்வரன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இத்தனை வருஷத்தில் அவரிடம் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒருவருமில்லை.

சென்னிமலை எங்களிடம் வந்தபோது அவனுக்கு நாற்பது இருக்கும். புதுச்சத்திரம் பக்கத்துக்காரன். முட்டை லாரிக்கு லோடு ஏற்றும் வேலையில் இருந்தவன். அட்டை மேல் அட்டையாக அடுக்கிய முட்டையைத் தூக்கி லாரிக்குள் இருப்பவன் கையில் கொடுக்க வேண்டும். கை இம்மியும் ஆடக் கூடாது. உடம்பு வலிக்கென்று தொடங்கிய குடி ஒரு கட்டத்தில் கையை ஆட்டிவிட்டது. ஒருநாள் தூக்கிய அடுக்கு மொத்தமும் தரையில். அன்றோடு வேலை போனது, கொஞ்ச நாளில் பெண்டாட்டி தாய் வீட்டுக்குப் போனாள், பிறகு வீடும் போனது. ஒரு செல்போன் கடையின் ஷட்டர் ஓரத்தில் படுத்துக்கிடந்தவனை மாதேஸ்வரன் கூட்டிவந்தார். ஓடிப்போனான். மறுபடி கூட்டிவந்தார். மறுபடி ஓடினான். மூன்றாவது முறை அரசு ஆஸ்பத்திரியில் இருந்து தூக்கிவந்தபோது, இது உங்களுக்குத் தேவையா என்று நான் சத்தம் போட்டேன். "நாம பாக்காட்டி யாருங்க பாப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த முறை நின்றுவிட்டான். மூன்று நான்கு மாதம் கடைப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் அவன் தங்கை அனிதா, எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, மாதேஸ்வரனுக்குப் போன் செய்தாள்.

அனிதாவை ராசிபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவன் சென்னிமலை ஒருவன்தான். அவள் மகன் நிலவனுக்குக் காது குத்த வேண்டும். காது குத்துவது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான், அதுவும் ஒற்றைப்படை வயதில். பையனுக்கு ஒரு வயதில் சொல்லியனுப்பியபோது மாமன் வரவில்லை. மூன்று வயதில் அவன் எங்கே கிடக்கிறான் என்றே தெரியவில்லை. இப்போது ஐந்து. அண்ணன் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போயிருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி மாமனார் வீட்டில் சமாளித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வராத ஆண்கள் எல்லோருக்கும் ரிக் வண்டிதானே கணக்கு. மாமனார் காளியண்ணன் இனிப் பொறுப்பதாக இல்லை. அவளுடைய பெரியப்பன் மகன் ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் பிறகு எல்லாச் சீருக்கும் அவன்தான் மாமன். சென்னிமலை செத்தவன் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

"எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப எம்பையன் இன்னொருத்தன் மடியில உக்கார மாட்டானுங்க" என்று அனிதா போனில் சொன்னாளாம். அதோடு, அண்ணன் நிதானத்தில் வருவான் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டாளாம். மாதேஸ்வரன் இதற்கு முன் யாருக்கும் அப்படி உறுதி கொடுத்ததில்லை. இந்தத் தடவை கொடுத்துவிட்டார்.

சென்னிமலை பயந்து போனான். சபை நடுவே உட்கார்ந்து, கை நடுங்கி, குழந்தை கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அவன் பேச்சு. மாதேஸ்வரன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் அவனைச் சப்பணம் போட்டு உட்காரச் சொல்லி, காப்பகத்துச் சமையலுக்கு வாங்கிய முட்டை அட்டையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். முதல் வாரம் காப்பகம் முழுவதற்கும் ஆம்லெட்தான். குழந்தையை உடைத்துச் சாப்பிடுகிறோம் என்று நான் கிண்டல் செய்தேன். போகப் போக ஆம்லெட் குறைந்தது. ஒருநாள் அவன் மடியில் அட்டையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். ஒரு முட்டைகூட நகரவில்லை.

மாதேஸ்வரன் சும்மா இருக்கவில்லை. விசேஷத்தைக் கடை திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும்படி காலை முகூர்த்தத்தில் வைக்கச் சொன்னார். கோயிலில் சென்னிமலையின் பக்கத்தை விட்டு அவள் நகரக் கூடாது என்று அனிதாவிடம் சொன்னார். மச்சான்மார் தனியாகக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சென்னிமலைக்குப் பழக்கினார். மஞ்சள் காமாலை வந்துபோன உடம்பு, டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று அவனும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். எல்லாவற்றையும் யோசித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

கோயில் அனிதாவின் மாமனார் வீட்டுக் குலதெய்வமான முனியப்பன் கோயில். ராசிபுரத்தைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே வெட்டவெளியில் முட்டைக்கண்ணும் அரிவாளுமாக உட்கார்ந்திருக்கும் சாமி. வேனின் பக்கவாட்டில் காப்பகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததால், அதன் மேல் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, தள்ளியிருந்த வேலமரத்தடியில் நிறுத்தினேன். சென்னிமலை புது வேட்டி சட்டையோடு இறங்கி நடந்தான். ரிக் வண்டியில் கூட வேலை பார்க்கும் யாரோ கொண்டுவந்து விட்டதாகப் பேச்சு. மாதேஸ்வரன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தெரிந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர் வேனிலிருந்து இறங்கிச் சென்னிமலை பக்கத்தில் நின்றால் போதும், அவன் இத்தனை வருஷம் எங்கே இருந்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பையன் மாமன் மடியில் வந்து உட்கார்ந்தான். ஐந்து வயதுப் பையன், நல்ல கனம். இதற்கு முன் பார்த்தே இராத மாமனை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தான். சென்னிமலை இரண்டு கையையும் பையனின் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டான். நான் வேனிலிருந்தே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. ஆசாரி தோட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். அனிதா அண்ணனுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கு என்ன.

அப்போது பூசாரி, முனியப்பன் காலடியில் படைத்திருந்த பிராந்தி பாட்டிலை எடுத்துத் திறந்தார். பித்தளை டம்ளரில் ஊற்றினார். அதைச் சாமிக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சென்னிமலையின் முன்னால் நீட்டினார். அந்தக் கோயில் வழக்கம் அது. காது குத்தும்போது சாமியின் தீர்த்தத்தைத் தாய்மாமன் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி.

எங்கள் குலதெய்வம் பெருமாள். பொங்கலும் புளியோதரையும்தான் எனக்குத் தெரியும். மாதேஸ்வரனையோ கிடாவெட்டுக்கும் காதுகுத்துக்கும் யாரும் கூப்பிட்டே பத்துப் பதினைந்து வருஷமாகிறது. எந்தக் கோயிலில் என்ன வழக்கம் என்று அவருக்கு எங்கிருந்து தெரியும். அனிதாவுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் கணக்கில் அது குடி இல்லை, தீர்த்தம். அண்ணன் கடைக்குப் போய்விடுவானோ, மச்சான்மார் ஊற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்று ராவும் பகலும் பயந்தவளுக்குச் சாமி ஊற்றிக் கொடுக்கும் என்று தோன்றவே இல்லை. நீட்டிய டம்ளரைப் பார்த்ததும்தான் அவள் முகம் வெளுத்தது.

சென்னிமலை வாங்கவில்லை. மஞ்சள் காமாலை, டாக்டர் என்று என்னவோ சொன்னான். சாமி தீர்த்தத்துக்கு என்ன டாக்டர் என்று யாரோ கேட்டார்கள். பையன் மடியில் நெளிந்தான். சென்னிமலையின் கண் அந்த டம்ளரை விட்டு நகரவில்லை. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, கோத்திருந்த விரல்கள் ஆடத் தொடங்கிவிட்டன. பயத்தால் ஆடியதா, ஆசையால் ஆடியதா, அவனுக்கே தெரிந்திருக்காது.

காளியண்ணன் பெரியவர், குரலை உயர்த்தாமல் பேசினார். "மாமன் வாங்கலீன்னா அவங்க தாய் ஊட்டுப் பெரியவங்க யாராச்சும் வாங்கிக்கலாமுங்க. தீர்த்தம் திரும்பக் கூடாது. யாரு இருக்கறீங்க?"

தாய் வீட்டில் அப்படிப் பெரியவர் யாரும் இல்லை என்று தெரிந்துதான் கேட்டார். பெரியப்பன் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் டம்ளரை வாங்கினால் மடியும் அவனுக்குப் போகும். சென்னிமலை தலையைத் தூக்கி வேலமரத்தின் பக்கம் பார்த்தான். தண்ணீரில் முழுகப் போகிறவன் கரையைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது அந்தப் பார்வை.

என் பக்கத்தில் வேன் கதவு திறந்த சத்தம் கேட்டது. மாதேஸ்வரன் செருப்பைக் கழற்றி வேனுக்குள் போட்டுவிட்டு, முள்ளையும் பார்க்காமல் நடந்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. குடி சார், குடி சார் என்று காதோடு காதாகப் போனது. நான் நினைத்தேன், எல்லாம் கெட்டது, இனி இந்த மனுஷன் டம்ளரைத் தட்டிவிட்டுப் பிரசங்கம் பண்ணப் போகிறார், சென்னிமலையின் மானம் இங்கேயே காற்றில் பறக்கும் என்று.

அவர் பூசாரியின் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். "கொடுங்க. நான் தாய் ஊட்டுப் பக்கமுங்க" என்றார்.

காளியண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். எந்த வழியில் சொந்தம் என்று கேட்டார். மாதேஸ்வரன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எங்கப்பனோட சித்தி பையனுங்க மாமா" என்றாள் அனிதா. "எங்களுக்குச் சித்தப்பன் முறை. நாந்தான் வரச் சொன்னனுங்க."

பெரியப்பன் மகன் வாயைத் திறக்கும் முன் அவனை அவள் முறைத்தாள், அவன் பின்வாங்கினான். மாதேஸ்வரன் டம்ளரை வாங்கினார். சாமியைப் பார்த்தார். அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தொண்டை எரிந்திருக்கும். முகத்தை மட்டும் சுளிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, சென்னிமலையின் தோளில் கையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் வீல் என்று கத்தினான். மாமனின் கை அவனை அப்படியே பிடித்திருந்தது.

எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. குடி சார் அங்கே வந்ததைப் பார்த்தவர்கள் ஏன் வந்தார் என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். குடித்த குடி சாரைப் பார்த்த பிறகு யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. சொந்தம், அதனால் வந்தார், எல்லோரையும் போல அவரும் குடிக்கிறார். சென்னிமலையின் ரிக் வண்டி ரிக் வண்டியாகவே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. வேல்முருகன் என்று காளியண்ணனுக்கு மருமகன் முறை ஆள். மாதேஸ்வரனைக் கண்டால் காததூரம் ஓடுகிறவன். அவன் ஓடிவந்து இவர் தோளைக் கட்டிக்கொண்டான். "நீங்களும் நம்ம ஆளுதானுங்களா. இது தெரியாம இத்தன வருசம் உங்களப் பார்த்துப் பயந்துட்டு இருந்தமுங்களே" என்றான். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். பந்தியில் நடுவே உட்காரவைத்தார்கள். இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார, அவர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். யாரோ வீட்டார் நடுவே உட்கார்ந்து அவர் சோறு தின்பதை நான் பார்த்தது அன்றுதான். இப்படியா அது கிடைக்க வேண்டும்.

சென்னிமலை அன்று தங்கை வீட்டில் தங்குவதாக முடிவானது. அங்கேயே பக்கத்தில் முட்டை குடோனில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார் அனிதாவின் புருஷன். சென்னிமலை வேனருகே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். காப்பகத்து வழக்கம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டான். நான் வண்டியை எடுத்தேன்.

ஆண்டகலூர் கேட் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "கசக்குதுங்க" என்றார். "இந்தக் கசப்புக்காங்க ஊட்டையும் பொண்டாட்டியையும் உட்டுட்டு வாராங்க." குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

செய்தி எங்களுக்கு முன்னால் நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்திருந்தது. குடி சார் கோயிலில் ஊற்றிக் குடித்தார், ஒரே மடக்கு, பழகின ஆள் என்று ஊரெல்லாம் பேச்சு. அறக்கட்டளையில் கூப்பிட்டுக் கேட்டார்கள். குடித்தது உண்மைதான் என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார். வேறு ஆள் தேடினார்கள். அந்த வெயிலில் அந்த ஆட்களோடு நடக்க யாரும் வரவில்லை. அதனால் இவரையே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நடந்ததை நான் சொல்கிறேன் என்று குதித்தேன். சொன்னால் காப்பகத்தை விட்டே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார் அந்த மனுஷன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பத்திரிகைகள் வரத் தொடங்கின. கல்யாணம், கிடாவெட்டு, புதுமனை புகுவிழா என்று வீடு தேடி வந்து வைத்தார்கள். அவர் எதற்கும் போகவில்லை. போனால் ஊற்றிக் கொடுப்பார்கள். ஆனால் மனைவிமாரின் போன் நின்றுபோனது. அதுதான் அவரை உருக்கிவிட்டது. முன்பெல்லாம் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது நடக்கும்போது நடுவில் நின்று, போனை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பையில் போட்டுக்கொள்வார். போன் கெட்டுவிட்டதோ என்று என்னை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கூப்பிட்டேன். நன்றாகவே அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அவரோடு கடைவீதிக்குப் போயிருந்தேன். காப்பகத்துக்குப் போர்வை வாங்க வேண்டியிருந்தது. ஒரு முட்டை லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே நின்று அட்டைகளை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் சென்னிமலை. ஆள் சதைப்பிடித்திருந்தான். எங்களைப் பார்த்துவிட்டான்.

மாதேஸ்வரனும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார். இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் போகிறது.

"சித்தப்பா" என்று லாரி மேலிருந்து ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. மாதேஸ்வரன் நிற்கவில்லை. தன்னை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. சென்னிமலை கையிலிருந்த அட்டையைக் கீழே நின்றவனிடம் கொடுத்துவிட்டுக் குதித்தான். பைக்குகளுக்கு நடுவே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான். கூட வேலை பார்க்கிறவர்கள் யார் என்று கேட்டார்கள். "என்ற சித்தப்பனுங்க" என்றான், கடைவீதி முழுவதும் கேட்கிற மாதிரி. நிலவன் இரண்டாம் வகுப்புக்குப் போகிறான் என்றான். அனிதா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். எனக்காக நீங்கள் குடித்ததை நான் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று இவர் தலையை ஆட்டினார். அப்படியானால் இந்த வார்டனாவது எழுதட்டும், என் பெயரைப் போட்டே எழுதட்டும் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னான். அதற்கு இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சென்னிமலை அவர் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்தான். பிறகு, "வாரேனுங்க சித்தப்பா" என்றான்.

மாதேஸ்வரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பதில் சொல்வது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. சென்னிமலை பாதி ரோட்டைக் கடந்து லாரிக்குப் போய்விட்டான்.

"வா சாமி" என்றார். அவனுக்குக் கேட்டிருக்காது. போர்வைக் கடை வாசல் வரைக்கும் அதையே இன்னும் இரண்டு மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்காத மாதிரி முன்னால் நடந்தேன்.